பதிமூன்று தட்டு

அவளுடைய புருஷனுக்கு எண்ண வராது. கேலிக்காகச் சொல்வதல்ல இது. மாடிப்படியை எண்ணுவான், மாத்திரையை எண்ணி வாயில் போடுவான். ட்ரம்ஸ் முன்னால் உட்கார்ந்து கையில் குச்சி ஏறிய பிறகு மட்டும் எண்களெல்லாம் மண்டைக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். நான்கு நான்காகப் போகும் பாட்டென்றால் பரவாயில்லை, அதைக் காலே பார்த்துக்கொள்ளும். ஆனால் இவர்கள் குழு வாசித்தது ப்ராக்ரெஸிவ் ராக். அதில் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படையில்தான் சுற்று வரும். கேட்கிறவர் ஆசையாகக் கை தட்ட ஆரம்பித்தால் இரண்டாவது சுற்றிலேயே அசடு வழிய வேண்டியதுதான். அப்படி அசடு வழிய வைப்பதையே இவர்கள் பெருமையாக நினைத்தார்கள்.

அதனால் அவன் வாக்கியத்தை வைத்துக்கொண்டு வாசித்தான். ஒரு தட்டுக்கு ஓர் அசை. ஏழு தட்டுப் பாட்டுக்கு 'சாவி எங்க வெச்சேன் நான்'. சா-வி-எங்-க-வெச்-சேன்-நான். ஏழு முடிந்தது, மறுபடியும் சா. ஒன்பது தட்டுக்கு 'மாடி வீட்டு நாய் குரைக்குது'. வாய் முணுமுணுத்துக்கொண்டே போகும், கை அதன் பின்னாலேயே ஓடும். முதல் ஆல்பம் வந்த சமயத்தில் ஒரு பத்திரிகைக்காரர் மேடையில் அவன் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, வாசிக்கும்போது இந்தக் கலைஞன் தியானத்தில் ஆழ்ந்துவிடுகிறான் என்று எழுதினார். வீட்டில் நாலு நாளைக்கு அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வாக்கியம் சொல்வதை அவன் வேதமாக எடுத்துக்கொள்வான். ஒருமுறை கிட்டார் வாசிப்பவன், 'கம்பி' என்று எல்லோரும் கூப்பிடும் அந்த ஆள், விளையாட்டுக்காக 'சாவி எங்கதான் வெச்சேன் நான்' என்று மாற்றிக் கொடுத்துவிட்டான். ஏழு எட்டாகிவிட்டது. மற்றவர்கள் ஒரு பக்கம் போக, இவன் செக்குமாடு போலத் தன் எட்டையே சுற்றிக்கொண்டிருந்தான். காதில் விழுவது தப்பாக இருக்கிறதே என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது, 'யாருடா தாளத்த விட்டது?' என்று மற்றவர்களைத்தான் கேட்டான். அன்றிலிருந்து அவனுக்கு வாக்கியம் கொடுக்கும் பொறுப்பை அவளுடைய அண்ணன் தன் கையில் எடுத்துக்கொண்டான்.

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கீபோர்டு வாசிப்பவன் அவன். குழுவுக்குத் தலைவன், பாட்டெல்லாம் அவன் எழுதுவது. தப்பாக வாசித்தால் திட்ட மாட்டான், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 'சரி, முதல்லேர்ந்து' என்பான். அதனால் அவனுக்கு 'வாத்தியார்' என்று பெயர். வலது கை மேலே ராகத்தைப் பார்த்துக்கொள்ளும், இடது கை கீழே தனியாக வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். மனசும் அப்படித்தான். தங்கையைக் குழுவில் பாட வைத்தவனும் அவன்தான், தங்கைக்குத் தன் ட்ரம்மரையே பார்த்துக் கட்டி வைத்தவனும் அவன்தான். வீட்டையும் குழுவையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தான்.

இவள் பகலில் பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் ஒரு லேபில் வேலை பார்த்தாள். மெழுகில் ஈறு பிடிப்பாள், பல்லை ஒவ்வொன்றாகப் பதிப்பாள், அச்சிலிருந்து வந்ததைத் தேய்த்து வழவழப்பாக்குவாள். முதல் ஆல்பத்தில் மூன்று பாட்டுப் பாடியிருந்தாள். விமர்சனம் எழுதியவர்கள் கீபோர்டைப் புகழ்ந்தார்கள், கிட்டாரைப் புகழ்ந்தார்கள், தியானத்தைக்கூடப் புகழ்ந்தார்கள். அவளைப் பற்றி ஒரே ஒருவர் எழுதினார். ஈரத்துணி போன்ற குரல் என்று. அந்த வரியை அவள் கிழித்துப் போடவில்லை, பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டாள். இரண்டாவது ஆல்பத்தில் காட்டுகிறேன் என்று அவளுக்குள் ஒரு வைராக்கியம்.

இரண்டாவது ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. இருபத்தொரு நிமிடம், பதிமூன்று தட்டு. நடுவில் நான்கு நிமிடம் மட்டும் எல்லா வாத்தியமும் தணிந்து ஒலிக்கும், ட்ரம்ஸில் குச்சிக்குப் பதிலாக பிரஷ் மட்டும் உரசும், அதன் மேல் ஒரு பெண் குரல் வரும். அந்த நான்கு நிமிடம் அவளுடையது என்று அண்ணன் சொல்லியிருந்தான். வரிகளை அவனே எழுதிக் கொடுத்தான். நட்சத்திரம், கடல், முடிவில்லாத கதவு என்று என்னென்னவோ வரும். அர்த்தம் கேட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவான், அதனால் அவள் கேட்கவில்லை.

ஏழு மாதம் பயிற்சி செய்தாள். குளியலறையில் செய்தாள், பேருந்தில் உதட்டுக்குள் செய்தாள், லேபில் தேய்க்கும் மெஷின் ஓடும்போது அதன் இரைச்சலுக்கு மேலே தொண்டையைத் திறந்து செய்தாள். பதிமூன்றை அண்ணன் நான்கு, ஐந்து, நான்கு என்று பிரித்துக் கொடுத்திருந்தான். மேல்தாடை செட் ஒன்றில் பதினான்கு பல். ஒரு பல்லுக்கு ஒரு தட்டாகத் தொட்டுக்கொண்டு போவாள். பதிமூன்று முடியும்போது கடைசிப் பல் ஒன்று மிஞ்சும். அதை விட்டுவிட்டு மறுபடி முதல் பல்லுக்கு ஓடி வரவேண்டும். அந்த ஓட்டம் பிடிபட்ட நாளில் பக்கத்து மேஜைக்காரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

புருஷனிடம், பதிமூன்றுக்கு என்ன வாக்கியம் என்று கேட்டாள். எப்போதும் கேட்காமலே சொல்கிறவன் அன்றைக்கு ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, இந்த முறை வாக்கியம் கிடையாது, எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்றான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பைத்தியக்காரி, தன் அம்மாவுக்கு போன் போட்டு அதை வேறு சொன்னாள்.

ஸ்டுடியோ ஒரு காலத்தில் மீன் பதப்படுத்திய குளிர்சாதனக் கிடங்காம். சுவர் அத்தனை தடிமன். உள்ளே ஒரு பெரிய அறை, அதற்கும் இந்தப் பக்கத்து அறைக்கும் நடுவே இரட்டைக் கண்ணாடி. இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தன் மேஜையில் உட்கார்ந்திருப்பார். எத்தனை மைக்கோ அத்தனை குமிழ் அந்த மேஜையில் வரிசையாக இருக்கும். அதிகம் பேசாத மனிதர், ஐம்பது தாண்டியவர், எந்நேரமும் வாயில் ஏலக்காய். முதல் மூன்று நாள் ட்ரம்ஸ் மட்டும் பதிந்தார்கள். பத்தொன்பது தடவை வாசித்து, பத்தொன்பதாவதுதான் சரி என்று அண்ணன் எடுத்துக்கொண்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புருஷனின் உதடு அசைவதை அவள் பார்த்தாள். எண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் முறை எட்டாவது நாள் காலையில் வந்தது. பெரிய அறையில் தனியாக நின்றாள். காதில் ஹெட்போன், அதற்குள் ட்ரம்ஸும் கொஞ்சம் கீபோர்டும். முதல் தடவை பாடினாள். கண்ணாடிக்கு அப்பால் அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. பதினோராவது தடவையில் அவளுக்கே தன் குரல் யாருடையதோ போல ஆகிவிட்டது. பிரஷ் உரசுகிற இடத்தில் பிடிமானம் கிடைக்கவில்லை, ட்ரம்ஸைக் கொஞ்சம் ஏற்றித் தரச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து ஒலிப்பதிவாளர் எழுந்து வெளியே போயிருந்தார். அவர் நாற்காலியில் கம்பி உட்கார்ந்திருந்தான். உபகாரம் செய்கிற எண்ணம்தான் அவனுக்கு, பாவம். எட்டு நாளாக அவர் இறக்கியே வைத்திருந்த ஒரு குமிழை மேலே தள்ளினான். ட்ரம்ஸுக்கு மேலே, வாசிப்பவன் தலைக்கு ஒரு முழம் தள்ளித் தொங்கிய மைக் அது.

பிரஷ் காதுக்குள்ளேயே உரசுவது போல வந்தது. அதோடு புருஷனின் வாயும் வந்தது. அவன் எண்ணவில்லை. முணுமுணுத்துக்கொண்டிருந்தான். நான்கு, ஐந்து, நான்கு.

'இவளுக்குப் பாட வராது யார் சொல்றது. இவளுக்குப் பாட வராது யார் சொல்றது.'

அவள் பாடாமல் கேட்டுக்கொண்டே நின்றாள். முதலில் தன்னைச் சொல்கிறான் என்றே தோன்றவில்லை. வேறு யாரோ ஒருத்தியைப் பற்றி என்று நினைத்தாள். நாலாவது சுற்றில் புரிந்தது. அவன் குரலில் கோபமில்லை, கேலிகூட இல்லை. பல் துலக்குகிறவன் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு சுற்று. முழுவதையும் கேட்டாள்.

ஹெட்போனைக் கழற்றி அதன் கொக்கியில் ஒழுங்காக மாட்டிவிட்டு இந்தப் பக்கத்து அறைக்கு வந்தாள். ஒலிப்பதிவாளர் திரும்பி வந்திருந்தார், மேலே ஏறியிருந்த குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று விளங்கியது. கம்பி தரையைப் பார்த்தான். புருஷன் சோபாவில் இருந்தான். அவள் யாரையும் திட்டவில்லை. வாக்கியத்தை எழுதியது யார் என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான்," என்றான் அண்ணன். "ஏழு மாசத்துக்கு முன்னாடி. நீ போன் பேச வெளிய போயிருந்த. பதிமூணுக்கு எதுவும் சரியா உக்காரல. இது உக்காந்துச்சு."

புருஷன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தான்.

"அது வெறும் கணக்கும்மா. சொல்லிச் சொல்லி அர்த்தமே போயிடுச்சு. சாவி மாதிரி, நாய் மாதிரி."

"நாய் நிஜமாவே குரைச்சுது," என்றாள் அவள். "சாவியும் நிஜமாவே தொலைஞ்சுது."

புருஷன் பிடித்திருந்த கையை விட்டுவிட்டான்.

அப்புறம் அண்ணன் பேசினான். அவனுக்கு மறைக்கவும் வராது, ஆறுதல் சொல்லவும் வராது. அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு வேறொரு பாடகியை ஏற்கெனவே வரச் சொல்லியாகிவிட்டதாம். இவளுடைய பதிவு ஆல்பத்தில் போகாதாம். பிறகு எதற்குப் பதினோரு தடவை பாட வைத்தார்கள் என்றால், வீட்டில் சண்டை வரக்கூடாது என்பதற்காகவாம். ஆல்பம் வந்த பிறகு, மிக்ஸிங்கில் ஏதோ கோளாறாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்று பேரும் சேர்ந்து பேசி வைத்திருந்தார்கள். புருஷனும் அந்த மூன்றில் ஒருவன்.

"உனக்குத் தெரியாதா என்ன?" என்றான் அண்ணன். "நீ பாடின மூணு பாட்டையும் கேட்டிருக்க. உன் காதுதான் நல்ல காதாச்சே."

அவளுக்குத் தெரியும். அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது. ஏழு மாதமாக ஒவ்வொரு பல்லாகத் தொட்டுத் தொட்டு அவள் மறைத்து வைத்திருந்தது அதைத்தான். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அதற்குப் பதிலாக, செவ்வாய்க்கிழமை அந்தப் பாடகி வந்தால் அவள் காதிலும் இந்த முணுமுணுப்பு விழுமே, அதை எப்படி எடுப்பீர்கள் என்று ஒலிப்பதிவாளரிடம் கேட்டாள். வேலை தெரிந்தவள் கேட்கிற கேள்வி அது.

அவர் ஏலக்காயை ஒரு கன்னத்துக்குத் தள்ளினார். எடுக்க முடியாது என்றார். அந்த மைக்கை மூடினால் பிரஷ் தகர டப்பா சத்தம்தான் போடும், மூடாவிட்டால் உற்றுக் கேட்கிறவர் காதில் இது விழத்தான் செய்யும். மேலே ஒரு குரல் அழுத்தமாக வந்தால் ஓரளவு மறையும். முழுக்க மறைய வேண்டுமானால் அதே சொல், அதே தட்டில், மேலே விழவேண்டும். சொல்லிவிட்டு, இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல மேஜையைப் பார்த்தார்.

அவள் திரும்பப் பெரிய அறைக்குள் போனாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கண்ணாடி வழியாக ஒலிப்பதிவாளரை மட்டும் பார்த்தாள். அவர் யாரையும் கேட்காமல் பொத்தானை அழுத்தினார்.

இவளுக்குப் பாட வராது, யார் சொல்றது என்று அவள் பாடினாள். கடலும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. குரலை நடுங்க விடவில்லை, வளைக்கவில்லை, இழுக்கவில்லை, அழகாக இருக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. காதுக்குள் புருஷன் சொல்லச் சொல்ல, அதன் மேலேயே ஒவ்வொரு அசையாக வைத்துக்கொண்டு போனாள், ஈறில் பல் பதிப்பதைப் போல. அவர்கள் முகத்தில் அறைவதற்காகத்தான் பாடினாள். கேட்டு வெட்கப்படட்டும், ஒருவராவது எழுந்து போதும் நிறுத்து என்று சொல்லட்டும் என்று முப்பத்தெட்டு சுற்றும் காத்திருந்தாள்.

ஒருவரும் சொல்லவில்லை. முடிந்தபோது அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. பேசும் மைக்கின் பொத்தானை அழுத்தி, "இதான்," என்றான். "இதையே வெச்சுக்கலாம். அந்தப் பொண்ணுக்கு வரவேணாம்னு சொல்லிடுங்க." கம்பி கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், பெருமையில். அவள் கோபம் அவர்களுக்கு ஒரு நல்ல பதிவாகத்தான் கேட்டது.

ஆல்பம் வந்தது. முதல் ஆல்பத்தைக் கேட்டவர்களைப் போலப் பத்து மடங்கு பேர் கேட்டார்கள். எல்லோரும் பேசியது அந்த நான்கு நிமிடத்தைப் பற்றித்தான். தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் துணிச்சல் என்று எழுதினார்கள். ஈரத்துணி என்று எழுதிய அதே ஆள், உணர்ச்சியை உரித்தெடுத்த குரல் என்று எழுதினார். குரல் என்னவோ அதேதான். ஒரு பேட்டியில் அந்த வரியை எழுதியது யார் என்று கேட்டபோது, நாங்க எல்லாரும் சேர்ந்துதான் என்றான் அண்ணன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாள்.

நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் வந்தது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த இடம் வந்ததும் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கூடவே பாடியது. ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர், கையை நீட்டி அவளைக் காட்டி, இவளுக்குப் பாட வராது என்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டே பாடினார்கள். அன்பாகத்தான் பாடினார்கள். அவள் கையை விரித்து அதை வாங்கிக்கொண்டாள். லேபில் பக்கத்து மேஜைக்காரிகூட மெஷினை ஓட்டிக்கொண்டே அதை முணுமுணுத்தாள், இவள் திரும்பிப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கூட்டம் பாடியதில் கஷ்டப்பட்டது புருஷன்தான். பின்வரிசைக்காரர்கள் பாடுவது மேடைக்கு வந்து சேரச் சற்றுத் தாமதமாகும். தன் வாயில் ஓடும் அதே வாக்கியம் ஆயிரம் வாயிலிருந்து அரைத் தட்டுப் பிந்தி வந்தால் அவன் எதைப் பிடிப்பான்? இரண்டு ஊரில் தடுமாறினான். மூன்றாவது ஊரில் அண்ணன் மேடையிலேயே அவனைத் திரும்பிப் பார்த்தான். அடுத்தது பெரிய நிகழ்ச்சி, திறந்த மைதானம், மாலை நான்கு மணிக்கு. அதற்கு முந்தைய வாரம் அவன் அவளிடம் வந்து, பதிமூன்றுக்கு வேறொரு வாக்கியம் வேண்டும் என்றான். மச்சானிடம் கேட்க பயமாக இருக்கிறதாம். நீ கொடு, உன் காது நல்ல காது என்றான்.

அவள் யோசிக்கிறேன் என்றாள். நிஜமாகவே யோசித்தாள். லேபில் ஒரு மேல்தாடை செட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்தாள். முதல் ஆல்பத்துக்கும் முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், அவன் வாசிப்பதைக் கேட்கப் போய் வாசற்படியிலேயே நின்றுவிடுவாளே, அப்போது மனசில் இருந்ததையே வாக்கியமாக்கினாள். 'நீ வாசிச்சா போதும் வேற சத்தம் வேண்டாமே.' பதிமூன்று. கடைசிப் பல் மிஞ்சியது. அவனை மன்னித்துவிடலாம் போலக்கூட இருந்தது.

நிகழ்ச்சியன்று மதியம், மேடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் அவன் காலுறையை மாற்றிக்கொண்டிருந்தான். காதில் வைத்துக்கொள்ளும் கருவியில் ட்ரம்ஸைத் தவிர வேறு எதுவும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"கூட்டம், கீபோர்டு, எல்லாத்தையும் எடுத்திடச் சொல்லிட்டேன். உன் குரலையும்தான்," என்றான். "தப்பா எடுத்துக்காத. அது வந்தாத்தான் ரொம்பக் குழப்புது."

அவள் சரி என்றாள். அவன் நல்ல மனநிலையில் இருந்தான். காலை ஆட்டிக்கொண்டே மேலும் சொன்னான்.

"ஒண்ணு யோசிச்சியா? அன்னிக்கு நான் வாய மூடிக்கிட்டு வாசிச்சிருந்தா நீ இன்னிக்கு இங்க கிடையாது. என் வாய்தான் உன்னப் பாடகி ஆக்குச்சு."

சிரித்தான். கள்ளமில்லாத சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகத்தான் ஒரு காலத்தில் வாசற்படியில் நின்றாள். "வாக்கியம் என்னாச்சு?" என்று கேட்டான்.

அவள் விரல் மடியில் தானாக ஓடியது. முதல் பல்லிலிருந்து கடைசிப் பல்வரை. இந்த முறை எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"நீ வாசிச்சா போதும் வேற சத்தம் தேவையில்ல," என்றாள்.

அவன் காலாட்டுவதை நிறுத்தினான். கண் கலங்கிவிட்டது. அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, ஒரு வருடமாக நீ என்னிடம் சரியாகப் பேசவே இல்லை என்று தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். எண்ணிப் பார்க்க அவனுக்கு வராது, அதனால் எண்ணிப் பார்க்கவில்லை. தொடையில் விரலால் தட்டித் தட்டி அதை மனப்பாடம் செய்துகொண்டு மேடை ஏறினான்.

இருபத்தொரு நிமிடப் பாட்டில் முதல் எட்டு நிமிடமும் பழைய வாக்கியத்திலேயே ஓட்டினான். பிறகு எல்லா வாத்தியமும் தணிந்து பிரஷ் உரசியது. கூட்டம் எழுந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். உதடு அசைய ஆரம்பித்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் பார்த்து வெகுகாலமாயிற்று.

முதல் சுற்றில் ஒரு தட்டுப் பிந்தினான். இரண்டாவதில் இரண்டு. ஐந்தாவது சுற்றில் கூட்டம் தடுமாறியது, தட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. கம்பி கிட்டாரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிறுத்தினான். அண்ணன் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்தான். அவளும் பாடுவதை நிறுத்தினாள். அத்தனை பெரிய மைதானத்தில் அவன் ஒருவன் மட்டும், கண்ணை மூடி, புன்னகையோடு, பதினான்கு பதினான்காக வாசித்துக்கொண்டிருந்தான். முதலில் அதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று கூட்டம் மரியாதையாகக் கேட்டது. அப்புறம் முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசைவரை போய்ச் சேர்ந்தது. அவன் காதில் எதுவும் விழவில்லை.

அண்ணன் மேடையைக் கடந்து அவளிடம் வந்தான். அவனுக்கு என்ன வாக்கியம் கொடுத்தாய் என்று மெதுவாகக் கேட்டான். அவள் சொன்னாள். அண்ணன் விரல்கள் தொடையில் ஒரு முறை ஓடி நின்றன. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். ஆனால் துடைக்க மறந்துவிட்டான்.

நிகழ்ச்சியை எப்படியோ வேறு பாட்டுகளால் ஒப்பேற்றி முடித்தார்கள். கொட்டகையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவள், அண்ணன், கம்பி. வெளியே புருஷன் சிம்பல்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் தங்கையைத் திட்டவில்லை. ஒரு வாக்கியத்தை நம்பிக் குழுவை நடத்தியது தன் முட்டாள்தனம் என்றான், மூன்றாவது ஆல்பத்துக்கு வேறு ட்ரம்மர்தான் என்றான். கம்பி தலையைச் சொறிந்தான்.

"அது சரி வாத்தியாரே. ஆனா மாப்ளகிட்ட யார் சொல்றது?"

கேட்ட பிறகுதான் அந்தச் சொற்கள் அவன் காதிலேயே விழுந்தன போல. அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் பாட்டிலைத் திறந்து இரண்டு மிடறு தண்ணீர் குடித்தாள்.

"எதுக்குச் சொல்லணும்?" என்றாள். "அவன் பாட்டுக்கு வாசிக்கட்டும். பத்தொம்போது தடவையும் வாசிக்கட்டும். செவ்வாய்க்கிழம வேற ஆள வரச் சொல்லிக்கோங்க. கேட்டா, மிக்ஸிங்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிக்கலாம். வீட்ல சண்ட வரக்கூடாது பாரு."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

திரையை விலக்கிக்கொண்டு புருஷன் உள்ளே வந்தான், நெற்றியெல்லாம் வியர்வை. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்றைக்குத் தாளத்தை விட்டது யார் என்று கேட்டான். அவள் எழுந்து போய்த் துண்டால் அவன் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீ நல்லாத்தான் வாசிச்ச," என்றாள்.